எலுமிச்சைக்கு ஒரு விளக்கு

பல்பு தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. எரிகிற விளக்கின் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஆனால் விளக்கை மட்டும் பார்க்க மாட்டாள். விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்ப்பாள். நாள் முழுக்க விளக்கையே பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும்? அந்தப் பிரிவுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சுவரில் லேசாக மஞ்சள் தட்டினாலும், நீலம் ஓடினாலும், மூலையில் ஒரு கை அகலம் மங்கினாலும் “தள்ளு” என்பாள். அவள் தள்ளியதைச் சந்தேகப்பட்டு மெஷினில் வைத்துப் பார்த்த எஞ்சினியர்கள் உண்டு. மெஷினும் அவள் சொன்னதையே சொல்லும். என்ன, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

இதில் அவளுக்குக் கர்வம் உண்டா என்றால், நிறையவே உண்டு. உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால் உட்காரும் முன்பே நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்து முகம் சுளிப்பாள். போன இடத்தில் கெட்ட பேர் வாங்குவதற்கு அவளுக்கு வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை.

அவள் கணவர் பேருந்து ஓட்டியவர். தெருவில் மட்டுமல்ல, மாமனார் வீட்டில்கூட அவர் டிரைவர்தான். இருபத்தெட்டு வருடம் ஒரே தடத்தில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோய், மூட்டையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. தையல் பிரித்த அன்று டாக்டர் அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னார். தினமும் வீட்டை விட்டு வெளியே போய் ஐந்நூறு அடியாவது நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் நடந்து பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும். அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் திரும்ப வராது.

அவர் காலுக்காகவே மூன்றாவது மாடியை விட்டுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். படி ஏற வேண்டாம் என்பதைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு நல்ல குணம் கிடையாது. முன்னறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். வெயில் என்பது அந்த வீட்டுக்குள் கேள்விப்படுகிற சமாச்சாரம்.

டிரைவர் வாசலைத் தாண்டவில்லை. ஊன்றுகோல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. தெருவில் பாதிப் பேர் அவர் வண்டியில் ஏறி இறங்கியவர்கள். பின்னால் பார்க்காமலே வண்டியை இடுக்கில் சொருகியவன் இன்று கோல் ஊன்றித் தாங்கித் தாங்கி நடப்பதை அவர்கள் பார்க்க வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

அவர் எழுந்து நடந்ததெல்லாம் ஒரே ஒரு எலுமிச்சைக்காகத்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவில் அவரே விதை போட்டு முளைக்கவைத்தது. பிறகு தொட்டிக்கு மாறி, பழைய வீட்டுப் பால்கனியில் நெஞ்சளவு வளர்ந்து நின்றது. முள்ளும் இலையும்தான், ஒரு பூ பூத்ததில்லை. விதையிலிருந்து வந்தது அப்படித்தான், அவசரப்படாது என்று அதற்காக வக்காலத்து வாங்குவார். வீடு மாறும்போது மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர் அதைத் திட்டிக்கொண்டே இறக்கினார்கள். புது வீட்டில் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு இலை கொட்ட ஆரம்பித்தது.

காலையில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எண்ணுவார். முதல் நாள் நாலு, அப்புறம் ஒன்பது, அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பேச்சு குறைந்தது. தட்டில் வைத்தது பாதி அப்படியே இருந்தது. மீட்டரக்கா மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். மரம் பட்டுப்போனால் மனுஷனும் உட்கார்ந்துவிடுவார். பிழைத்தால் எழுந்துவிடுவார். கணக்கில் முதல் பாதி சரியாகத்தான் இருந்தது.

வெயில் வராவிட்டால் என்ன, வெளிச்சம் செய்வதுதானே நமக்குத் தொழில் என்று இறங்கினாள். கழித்துப்போட்ட எல்இடி பலகைகளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள சூப்பர்வைசரிடம் கேட்டு, வாயிலில் காட்டச் சீட்டும் வாங்கிக்கொண்டாள். தள்ளுபடிக் குவியலிலும் அவளுக்குத் தராதரம் உண்டு. ஓரம் கீறியது, ஒரு புள்ளி எரியாதது என்று நிறத்தில் குறை இல்லாததாகப் பொறுக்கினாள். பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து அலுமினியப் பட்டையை அறுத்து, சூடு இறங்குவதற்குப் பசை தடவிப் பலகைகளை அதில் ஒட்டினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈயம் வைக்கிற வரிசையில் உட்கார்ந்தவள்தான். கை மறக்கவில்லை. இணைப்புகள் ஒவ்வொன்றும் மணிமணியாக வந்தன.

விளக்கை மேற்கூரையில், ஆள் தலைக்கு மேலே, கண் கூசாத உயரத்தில் மாட்டினாள். போட்டுவிட்டு, பழக்கப்படி முதுகைக் காட்டி நின்று சுவரைப் பார்த்தாள். கறை இல்லை, நிழல் இல்லை, மூலை வரை ஒரே வெள்ளை. அவள் வாழ்நாளில் பார்த்த சுவர்களில் அது முதல் மூன்றுக்குள் வரும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஊசி கோர்க்க இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்டாள். மீட்டரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் போனது. இலை கொட்டுவது நிற்கவில்லை. டிரைவர் தொட்டியைப் பார்த்தார், அப்புறம் விளக்கைப் பார்த்தார், அப்புறம் எதிரே பார்த்தார்.

“செவுரு நல்லா வளருது,” என்றார்.

இரண்டு நாள் அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் தொழிற்சாலையில் அவள் மானம் போனது. புதிதாக வந்த நாலு பெட்டிப் பலகைகளை ஒன்று விடாமல் தள்ளியிருந்தாள். சுவரில் அடித்தால் ரோஸும் ஊதாவும் கலந்து, அடிபட்டுக் கன்றிய தோல் மாதிரி ஒரு நிறம். இப்படி ஒரு கேவலமான சரக்கு இந்த மேஜைக்கு வந்ததே இல்லை என்று பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொல்லவும் சொன்னாள். வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு எஞ்சினியர் பெண் பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“அக்கா, இது மனுஷங்களுக்கு இல்ல. செடி வளக்கறதுக்குச் செஞ்சது. செடிக்குக் கண்ணும் கிடையாது, செவுரும் கிடையாது. எலையில என்ன விழுதோ அதுதான் கணக்கு.”

பிரிவே சிரித்தது. மீட்டரக்காவுக்குக் காது சுட்டது. ஆனால் அவள் அவமானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ரகமில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெண்ணைத் தேடிப்போய், என்ன உயரம், எத்தனை மணி நேரம், எந்த நிறம் எவ்வளவு என்று குடைந்து எடுத்தாள். நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவது இலைக்குப் பெரிதில்லை, சிவப்பை அது நன்றாகவே தின்னும் என்றாள் பெண். கூரையில் மாட்டினால் வெளிச்சத்தில் பாதி சுவருக்கும் தரைக்கும்தான் போய்ச்சேரும் என்றும் சொன்னாள். டிரைவர் சொன்னதையேதான் இவளும் படித்துப் பட்டம் வாங்கிச் சொல்கிறாள் என்று மீட்டரக்கா நினைத்துக்கொண்டாள்.

கூரை விளக்கைக் கழற்றினாள். அந்த நாலு பெட்டியில் உண்மையிலேயே பழுதானவற்றைக் கேட்டு வாங்கி, கூடவே மஞ்சள் தட்டியதென்று தான் தள்ளியவற்றையும் கலந்து இரண்டாவது விளக்கைச் செய்தாள். இந்த முறை பலகைகள் கூடுதல், ஒவ்வொன்றுக்கும் விடுகிற மின்சாரம் பாதி. அப்படி ஓட்டினால் சூடு குறையும், அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும், பலகையும் சீக்கிரம் சாகாது. பழைய தகரத் தட்டை வளைத்து உள்பக்கம் வெள்ளை பூசி, ஓரத்தில் ஒழுகுகிற வெளிச்சம் திரும்ப இலைக்கே வரும்படி குடை மாதிரி கவிழ்த்தாள். செடிக்கு ஒன்றரை அடி மேலே, சங்கிலியில், ஏற்றி இறக்கும்படி தொங்கவிட்டாள். பதினாலு மணி நேரம் எரிந்து தானே அணைய ஒரு டைமர். முதல் விளக்கு குடித்ததைவிடக் குறைந்த மின்சாரம்தான் இது குடித்தது.

அறை பார்க்கச் சகிக்கவில்லை. தையல்காரம்மா எட்டிப்பார்த்துவிட்டு, கண்ணுக்கு என்னமோ செய்கிறது என்று போய்விட்டாள். அந்த வெளிச்சத்தில் இலை பச்சையாகவே தெரியாது, கரி பூசியது போல இருக்கும். பிழைத்ததா செத்ததா என்று பார்க்க விளக்கை அணைக்க வேண்டும். நிறத்தைப் பிரித்துச் சொல்லியே பிழைப்பு நடத்தியவள் தன் வீட்டு அறையில் நிறம் தெரியாமல் தடவினாள்.

இருபதாம் நாள் விளக்கை அணைத்தபோது மொட்டைக் கிளையில் அரிசி அளவுக்கு ஒரு துளிர் இருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி மறுபடி பார்த்தார். இரண்டு மாதத்தில் மரம் இலையால் போர்த்திக்கொண்டது. அதற்கப்புறம் நுனியில் ஊதா ஓடிய மொட்டுகள் ஏழு. ஏழு வருடத்துக்கு ஏழு, கணக்குத் தீர்த்துவிட்டது என்று டிரைவர் சிரித்தார். தட்டு காலியானது. தொண்டை திறந்தது. மீட்டரக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

நிறைந்த நெஞ்சு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காலை நீட்டி, அந்த ஊதா வெளிச்சத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டார். முன்பு மரத்துக்காகக் கவலைப்பட்டாவது அறைக்கு அறை நடந்தார். இப்போது அதுவும் இல்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை வருகிற பெண், மூட்டு போன மாதம் மடங்கிய அளவுகூட மடங்கவில்லை என்று காட்டினாள். டாக்டர் ஐந்து மாதம் முடிந்தது என்று விரலை மடக்கினார். மிச்சம் ஒன்று.

மீட்டரக்கா திட்டினாள், கெஞ்சினாள், ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றார். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வேலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. அன்று சந்தேகமானவற்றை ஓரமாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டாள். தான் கையால் செய்த விளக்குதான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அது எரிகிற வரைக்கும் அந்த மரத்துக்கு வெளியே எந்த வேலையும் இல்லை. அவருக்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பெட்டி அடுக்குகிற மரப்பலகை ஒன்றில் நாலு சக்கரம் பூட்டினாள். சக்கரம் தானாக ஓடாதபடி கொஞ்சம் இறுக்கினாள். பின்பக்கம் இரும்புக் குழாயில் ஒரு கைப்பிடி, டிரைவரின் இடுப்புயரத்துக்கு அளந்து, இரண்டு கையும் ஊன்றினால் அசையாதபடி வைத்தாள். பிறகு எஞ்சினியர் பெண்ணுக்குப் போன் போட்டு, விளக்கிலேயே வளர்ந்த செடியை வெயிலில் வைத்தால் கருகுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு முன்னறைக்கு வந்து நின்றாள்.

“இந்த வெளக்கு பத்தாதுங்க. பூ நிக்கணும்னா வெயில் வேணும்.”

டிரைவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நீ செஞ்ச வெளக்கா?”

“நான் செஞ்சதுதான். சரியில்ல.”

பொய் சொல்லும்போது அவள் வழக்கம்போல சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது விளக்குக்கு அப்புறம் வெளிச்சத்தைப் பற்றி அவள் சொன்னதை அவர் சந்தேகப்பட்டதில்லை. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படியானால் நீயே தள்ளிக்கொண்டு போ என்றார். வெயில் விழுவது சந்தின் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் ஒன்பது மணிக்கு மேல், வேலை நாளில் அந்த நேரத்துக்குத் தான் மேஜையில் இருக்க வேண்டும் என்றாள். முதல் வாரம் அரை மணிக்கு மேல் வைத்தால் இலை வெந்துவிடும், அதனால் கூடவே ஆள் நிற்க வேண்டும். அவர் சாயங்காலம் அவள் பார்க்காத நேரத்தில் கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் அவள் லீவு போட்டாள், காரணம் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு டிரைவர் முகம் மழித்து, சட்டை மாற்றி வந்தார். அவள் ஆள் வைத்துச் சக்கரப் பலகையில் ஏற்றியிருந்த மரத்தை வாசலில் போட்டிருந்த சரிவில் இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு அடிக்கு ஒரு முறை நின்றார். இடது கால் இழுத்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆள் ஒரு மரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். சக்கரம் கடகடவென்று சந்து முழுக்கக் கேட்டது. மீட்டரக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் அவர் வண்டியில் தினமும் வந்தவர். கடையிலிருந்து எட்டிப்பார்த்து, என்ன டிரைவர், மரத்தை எங்கே ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் நின்றார். கூட்ட வண்டியில் கடைசி சீட்டு வரை கேட்கிற அந்தப் பழைய குரலில் பதில் சொன்னார்.

“வெயில் காட்டப் போறேன். வீட்டுல அவ ஒரு வெளக்கு செஞ்சு வெச்சிருக்கா. பேருக்குத்தான் வெளக்கு. செடிக்கு ஒண்ணுத்துக்கும் ஆகல.”

சந்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தையல்காரம்மாவும் ஜன்னலிலிருந்து, அதை நான் அன்றைக்கே சொன்னேன் என்றாள். அவள் செய்த விளக்கை இப்படித் தெருவில் வைத்து யாரும் பேசியதில்லை. பேசியிருந்தால் அவள் விட்டிருக்கவும் மாட்டாள். மீட்டரக்கா நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு என்று அவர் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.