வாயில்லாதவன் சுமந்த குப்பிகள்

எங்கள் மருந்துக்கடைக்காரரைப் போன்ற மாவீரர் ஈரேழு பதினாலு உலகத்திலும் கிடையாது. பதினாலு என்பது கொஞ்சம் தாராளம்தான், ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடைத்தெருவில் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மூலையிலிருக்கும் கறிக்கடையைச் சேர்க்க வேண்டாம்.

அவர் வீரமெல்லாம் கைப்பேசிக்குள். அதில் ஒரு பாதாளக் குகை விளையாட்டு. அடுக்கடுக்காகக் கீழே இறங்கி, அடியில் எரியும் விளக்கை எடுத்துக்கொண்டு கடைசி வாசலைத் தாண்டினால் வெற்றி. வழியில் செத்தால் செத்ததுதான். மறுபடி முதல் அடுக்கு, அதுவும் முற்றிலும் மாறிப்போன வேறொரு குகையில். ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. நாம் ஓர் அடி வைத்தால்தான் பூதமும் ஓர் அடி வைக்கும். கடைக்கு ஆள் வந்தால் பூதத்தை அப்படியே நிற்க வைத்துவிட்டு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கலாம். இவ்வளவு மரியாதை தெரிந்த பூதத்தை வெளியே எங்கே பார்க்க முடிகிறது?

குகைக்குள் நுழையும் முன் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், வாளும் கேடயமும் ஏந்திய வீரனாகப் போனான். மூன்றாம் அடுக்கில் எலி கடித்துச் செத்தான். மருந்துக்கடைக்காரர் எடுத்ததோ ஒருவரும் சீந்தாத உருவம்: வாயிலி. கண் உண்டு, மூக்கு உண்டு, அதற்குக் கீழே வழவழவென்று வெறும் தோல். வாயிலிக்குப் பசி கிடையாது. ஆனால் குகையெங்கும் கிடக்கும் மருந்துக் குப்பிகளில் ஒரு சொட்டும் குடிக்க முடியாது. எந்தக் குப்பியில் என்ன இருக்கிறதென்று எழுதியும் இருக்காது. மற்றவர்கள் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பாதிப் பேர் தெரிந்துகொண்ட கையோடு போய்ச் சேர்வார்கள்.

“ஏன் அத்தான், வேற ஆளே கிடைக்கலையா? போயும் போயும் வாயில்லாததைப் புடிச்சிருக்கீங்க?” என்றான் மச்சான்.

“உனக்குத்தான் வாய் இருந்துச்சே, எலிகிட்ட பேசிப் பாத்திருக்கலாமே.”

பதில் என்னவோ சூடாகத்தான் இருந்தது. உண்மைக் காரணம் வேறு. மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை விழுங்க வராது. ஊர் முழுக்க விழுங்க வைத்தே பிழைக்கிற மனிதருக்குத் தன் தொண்டையில் கடுகளவு மாத்திரை இறங்காது. கல்யாணமான புதிதில் காய்ச்சல் வந்தபோது, மனைவி மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினார். அன்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். மனைவிக்கு அது வேலை.

வாயிலி மெல்ல மெல்ல இறங்கினான். கண்ணில் பட்ட குப்பியையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். பை கனக்கக் கனக்க நடை தளர்ந்தது. ஆமை கூட முந்திவிடும்.

“குடிக்கவும் முடியாது, அப்புறம் எதுக்கு இந்தச் சுமை? கீழ போட்டுட்டு ஓடுங்க அத்தான்!”

“மருந்தைக் கீழ போடுறவன் மருந்துக்கடை வைக்க லாயக்கில்ல, மச்சான்.”

எப்படியோ விளக்கையும் எடுத்துவிட்டார். மிச்சம் கடைசி வாசல் ஒன்றுதான். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காவல் பூதம் நின்றது. அதைப் பார்த்ததும் வாயிலியை நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். அடி வைத்தால் அடி விழும். வைக்காதவரை வாயிலிக்குச் சாவில்லை, பெருமைக்கும் குறைவில்லை. தலைவலித் தைலம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் திரையைத் திருப்பிக் காட்டினார். இந்த நிலைமையில் வாயிலி செத்தால் மச்சானின் வாயில் விழ வேண்டும். அது பூதத்தின் வாயைவிட அகலம்.

இந்தச் சமயம் பார்த்து அவருக்குத் தொண்டை வீங்கியது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர். மாடியிலிருக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தன் கடையிலேயே எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். சாயங்காலம் கடைக்கு வந்த மனைவி அதைக் கண்டுபிடித்தார்.

“ஏங்க, இது என்ன?”

“சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்.”

“எந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம்? அட்டை குத்துப்படாம அப்படியே இருக்கு.”

“தேன் இருக்கா?”

“இருந்துச்சு. உங்க கூடவே அதுக்கும் வயசாயிடுச்சு.” மனைவி மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டார். “மாத்திரை வயித்துக்குள்ள போனாத்தான் இது கைக்கு வரும்.”

“அய்யய்யோ, எதையும் தொடாத! அவன் உயிரோட இருக்கான்!”

“நீங்க இருக்கணும்னுதான் நான் பாக்கறேன்.”

களிம்பு வாங்க வந்திருந்த தையல்கார அம்மாவுக்குக் குஷி தாங்கவில்லை. “நாக்கு நுனியில வச்சு, தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க சார். நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

மனிதர் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனார். தூக்குமேடைக்குப் போகிறவர்கள் இதைவிட விறுவிறுவென்று நடப்பார்கள். பின்னாலிருந்து கொப்பளிப்பு, இருமல், ஒரு முனகல், மறுபடி கொப்பளிப்பு.

முன்னால் மனைவி திரையைப் பார்த்தார். பையைத் தொட்டார். ஒரு குப்பியைத் தொட்டார். ‘குடிக்கவா, எறியவா?’ என்றது விளையாட்டு. இத்தனை அடுக்கு இறங்கிய கணவர் இரண்டாவது சொல்லை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மருந்துக் குப்பி கைதவறி உடைந்தாலே துக்கம் கொண்டாடும் மனிதர், வேண்டுமென்று எறிவாரா? மனைவி எறிந்தார். குப்பி பூதத்தின் நெற்றியில் உடைந்து, பூதம் தள்ளாடியது. இன்னொன்று எறிந்தார், அதற்குக் கண் தெரியவில்லை. அடுத்ததில் தாடி பற்றிக்கொண்டது. கடைசிக் குப்பியில் பூதம் குறட்டை விட்டது. சுமை குறைந்த வாயிலியை மனைவி ஒரு தள்ளு தள்ள, அவன் பூதத்தைத் தாண்டி வாசலைக் கடந்தான். திரையெங்கும் வாணவேடிக்கை.

கண்ணீரும் கம்பலையுமாக வெளியே வந்த மருந்துக்கடைக்காரர், மாத்திரை போன வாயைத் திறந்து காட்டினார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை. மூடியதும் முதல் காரியமாக மச்சானுக்குப் போன் போட்டார். “ஜெயிச்சிட்டேன்டா!” என்றார் கரகரத்த குரலில்.

ஒரு பெண்ணின் சமயோசிதமும் துணிச்சலும் இப்படித்தான் கணவன் கணக்கில் ஏறிப்போகின்றன என்று எழுதி, அதை மருந்துக்கடைக்காரரின் மனைவியிடமே படித்துக் காட்டியாயிற்று. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“துணிச்சலாவது மண்ணாவது! ஜெயிக்கவா எறிஞ்சேன்? அந்தப் பீடை செத்துத் தொலையட்டும், மனுஷன் வீட்டுப் பக்கம் திரும்புவார்னு இருந்த மருந்தையெல்லாம் வீசிட்டு, நானே அதைப் பூதத்து மேல தள்ளிவிட்டேன். பாழாப்போனது ஜெயிச்சிடுச்சு. இப்ப காது இல்லாத ஒண்ணைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கார்.”