கீழ்க்கயிற்றில் காய்ந்த சட்டை

அரசாங்கத்தின் கஜானாவைத் திறக்க வைத்த பெருமை எங்கள் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. மருத்துவமனைக் கட்டில் விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பவர் என்பதால் அவரை 'வெள்ளைக்காரி' என்றே எல்லோரும் அழைப்பார்கள். அந்த விரிப்புகள்தான் அவர் வீட்டு அடுப்பு எரியக் காரணம். அவை காயும் பின்முற்றம்தான் அவருடைய ராஜ்யம்.

ராஜ்யத்துக்கு ஓர் எதிரி இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த சாயப்பட்டறை நிலம். முதலாளி ஓடிப் போனார். சாயத்தை மண்ணுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வெள்ளை நாய் உள்ளே போனால் நீல நாயாக வெளியே வரும். காற்றடித்தால் நீலப் புழுதி விரிப்புகளில் படியும். எல்லாவற்றையும் மறுபடி வெளுக்க வேண்டும்.

வெள்ளைக்காரி மனு எழுதவில்லை. புழுதி படிந்த விரிப்பைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசைமேல் விரித்தார். மனுவாக இருந்தால் கிடப்பில் போடலாம். ஆளுயரக் கட்டில் விரிப்பை எங்கே போடுவது? சளைக்காமல் பல வருடம் விரித்தார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. நஞ்சு ஏறிய காலி மனைகளைச் சுத்தம் செய்து கட்டடம் கட்டுவோருக்கு அரசு நிதி உண்டு என்று அறிவித்தது. நீல மண்ணை வெட்டியெடுத்து, ஊருக்கு வெகு தொலைவில் அதற்கென்றே வெட்டிய குழியில் புதைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வேலையைப் பிடித்தவர் வேறு யாருமல்ல, வெள்ளைக்காரியின் தம்பி. தாயில்லாத வீட்டில் அவர் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. இப்போது காண்ட்ராக்டர். அவருடைய வெள்ளைச் சட்டைகள் இன்றுவரை அக்கா கையால்தான் வெளுக்கப்படுகின்றன.

"முற்றம் பள்ளமா இருக்குடா. மழை வந்தா தண்ணி நிக்குது. கொஞ்சம் மண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார் அக்கா.

"உனக்கில்லாத மண்ணாக்கா!"

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "மாப்ள சும்மா குடுக்கறாரா? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

லாரிகள் இருட்டுவதற்குச் சற்று முன்னால் வந்தன. வெள்ளைக்காரியே பின்னால் நின்று கையசைத்து, "வா, வா, இன்னும் வா" என்று வரவேற்றார். கொட்டியதன் மேல் செம்மண் அழகாகப் பரப்பப்பட்டது. சுத்தம் செய்து முடித்த பட்டறை நிலத்தின் திறப்பு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "என் பொழப்பைக் காப்பாத்தினவன் என் தம்பி" என்று தழுதழுத்தார். கூட்டம் கைதட்டியது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.

முதல் மழை பெய்தது. முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை. கனமான விரிப்புகளைக் கீழ்க்கயிற்றில்தான் போடுவது வழக்கம். ஓரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடும். மாலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலக்கரை. வெள்ளைக்காரி மதிலேறி எட்டிப் பார்த்தார். பட்டறை நிலம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. கணவர் கடப்பாரையை எடுத்து முற்றத்தில் குத்தினார். செம்மண் ஒரு ஜாண்; அதற்குக் கீழே பழைய எதிரி, பழைய நாற்றத்தோடு.

விரிப்புகளைத் திருப்பியனுப்பிய மருத்துவமனை, முற்றம் சுத்தமாகும்வரை இனி துணி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"குழி ரொம்ப தூரம்க்கா. அவ்வளவு தூரம் லாரி ஓட்டினா எனக்கு என்ன மிஞ்சும்? அதான் மேல நல்ல மண்ணு போட்டிருக்கேன்ல?"

"வேற யாரு வீட்டுலடா கொட்டின?"

"சேச்சே! ஊரான் வீட்டுல கொட்டினா கேஸ் போட்டுடுவான். நம்ம வீடுன்னுதான்..."

வெள்ளைக்காரி விரிப்பை மடித்துக்கொண்டு அலுவலகம் போனார். தம்பியும் வழிகாட்டியாகக் கூடவே போனார். அதிகாரி வெள்ளைக்காரியைப் பார்த்ததுமே மேசையைக் காலி செய்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இது காலி மனைக்கான திட்டம்மா. உங்க மனையில வீடு இருக்கே" என்றார்.

"அப்ப வீட்டை இடிச்சிடலாம்க்கா!" என்றார் தம்பி, நிஜமான அக்கறையோடு. "காலி மனை ஆயிடும். சுத்தம் பண்ற வேலையை நானே எடுக்கறேன்."

"அந்த மண்ணை எங்கடா கொட்டுவ?"

தம்பி கொஞ்சம் யோசித்தார். "மாமாவோட அண்ணன் வீட்டுப் பின்னாடி பள்ளம்தானே?"

அடுத்த வாரம் சிறந்த துப்புரவுப் பணிக்காகத் தம்பிக்குப் பாராட்டு விழா. வழக்கம்போல் சட்டை வாங்க வந்தார். அக்கா முற்றத்தைக் காட்டினார். விரிப்புகள் இல்லாத கயிறுகள். கீழ்க்கயிற்றில் மட்டும் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, ஓரமெல்லாம் நீலமாக, ஈர மண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

"என்னக்கா இது!"

"நீ போட்ட நல்ல மண்ணுதான்டா. உதறிப் போட்டுக்கோ."

"விளையாடாதக்கா, நேரமாச்சு. ஒருதரம் அலசிக் குடு" என்று சட்டையைக் கயிற்றிலிருந்து உருவி நீட்டியபடி திரும்பினார் தம்பி. அக்கா உள்ளே போயிருந்தார். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.