எனக்கு வர வேண்டிய கடைசி ஒரு நிமிடம்

புரொஜக்டர் தொழிலில் இருப்பவன் நிறையப் படம் பார்ப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. சுத்தப் பொய். என்னைப் படம் பார்க்க விடாமல் முதலில் கெடுத்தவர் எங்கள் உலகக் குறும்பட மன்றத்தின் செயலாளர் சௌந்தரராஜன் சார். பெயரைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், அவரும் படிக்கட்டும். மைக் செட் கட்டுகிறவர்களே, பந்தல் போடுகிறவர்களே, கல்யாண வீடியோ எடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் வெறும் ரசம் சாப்பிட்டவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

இரண்டு முறை மின்னும் டார்ச்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் மன்றம் கூடும். வெளிநாட்டுக் குறும்படங்கள் ஐந்தாறு போடுவோம். ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து நிமிடம். சிரிப்புப் படமே கிடையாது, எல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கிற கஷ்டம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தேவையில்லை. போலந்துக்காரன் அழுதாலும் பெரு நாட்டுக்காரி முறைத்தாலும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

உள்ளே இருந்த சுவிட்ச் போர்டு ஷாக் அடிக்கிறது என்று மண்டபத்துக்காரர் அதை மூடிவிட்டார். இப்போது லைட் போட வேண்டுமென்றால் வெளியே படிக்கட்டுப் பக்கம் போக வேண்டும். படம் முடிந்த நொடியில் விளக்கு எரியாவிட்டால் வயதானவர்கள் இருட்டில் எழுந்து விழுந்துவிடுவார்களாம். அதனால் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே சார் முன்வரிசையிலிருந்து டார்ச்சை இரண்டு முறை மின்னுவார். நான் வெளியே போய், வெளிச்சம் உள்ளே வராமல் கதவைச் சாத்தி, சுவிட்சில் கை வைத்து நிற்க வேண்டும். உள்ளே சத்தம் நின்றதும் லைட். ஆறு வருஷத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட நான் பார்த்ததில்லை. பத்து நிமிடப் படத்துக்கு முடிவுதானே உயிர்? மூன்று மணி நேரம் வரிசையில் நின்று சன்னதிக்குள் நுழையும்போது திரை போட்டால் எப்படி இருக்கும் என்று சாரையே கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்: "படம் எப்படி முடிஞ்சா உமக்கென்ன, மாணிக்கம்? வெளிச்சம் போடறதுதானே உம்ம கைங்கர்யம்!"

நாற்பது நிமிடப் பேச்சு

ஒரு படத்தில் ஒரு பஸ் டிரைவர். பாலைவன ஊர். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு, பின்சீட்டில் ஒரு குழந்தை தூங்குகிறது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். ஒருவரும் எங்கள் பிள்ளை என்று சொல்லவில்லை. தூரத்தில் ஒரு பெண் ஓடி வருகிறாள். டார்ச் மின்னியது.

படத்துக்குப் பிறகு கலந்துரையாடல் என்று ஒன்று நடக்கும். பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒயரைச் சுருட்டியபடியே காதைத் தீட்டிக் கேட்டேன். தனிமை என்றார்கள், அரசியல் என்றார்கள், கேமராக் கோணம் என்றார்கள். ஓடி வந்தவள் தாயா இல்லையா என்று ஒரு வாய் சொல்லவில்லை. திருவெறும்பூரிலிருந்து வருகிற காந்திமதி டீச்சரிடம் நேராகவே கேட்டேன். டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "அதெல்லாம் நாமதான் யோசிச்சுக்கணுங்க. அது ஓப்பன் எண்டிங்."

பழிக்குப் பழி

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வேலையைக் காட்டினேன். ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணை ஊரே கயிறு போட்டு இழுக்கிற படம். டார்ச் மின்னியது. வெளியே போனேன், கதவை அகலத் திறந்து வைத்தேன், எல்லா லைட்டையும் போட்டேன். திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒரே கூச்சல். சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன்.

பெரியகடை வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய்தான் முதலில் என்மேல் பாய்ந்தவர். குவைத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், சின்னப் படத்துக்கும் பெரிதாக அழுவார். ஆறு வருஷமாக நான் வீட்டுக்குக் கொண்டுபோகிற எரிச்சலை அன்று ஒரு நாள் அவர் கொண்டுபோனார். கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்: "யா அல்லாஹ், அந்தப் புள்ள பொழச்சாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படிண்ணே போய் சோறு திங்கிறது?"

பனி ஊர் அண்ணன்

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாதது. எந்த நாடோ, எங்கும் பனி. அண்ணன், தம்பி, பக்கத்துப் பக்கத்து வீடு. பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தன் வாசல் பனியை மட்டும் அள்ளுவான், தம்பி வீட்டு எல்லை வந்ததும் மண்வெட்டியைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் தம்பி வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறான். தம்பி வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான்.

என் தம்பி செல்வம் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறான். அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் மாமன், மச்சான், சகலை வரைக்கும் அச்சடித்தான். பெரியப்பா என்று என் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்றான். அச்சடித்து வந்ததைப் படித்துப் பார்க்கவில்லையா அவன்? கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. இந்தப் படம் போட்டதற்கு முந்தின வாரம்தான், அவனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினான் என்று காதில் விழுந்திருந்தது. போவதா வேண்டாமா என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டிருந்த நேரம். பனி ஊர்க்காரனுக்குக் கதவு திறந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

டார்ச் மின்னியது. நான் நகரவில்லை. மறுபடி மின்னியது, மறுபடியும், என் மூஞ்சிக்கு நேராக. பழகின கால் அல்லவா, தானாக வெளியே போய்விட்டது. விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே வந்தால், சார் பூரித்துப்போய்ச் சொல்கிறார்: "பேஷ் மாணிக்கம், இன்னிக்கு லைட்டு டைமிங் பிரமாதம்!"

பார்க்க இடம் கிடைத்தவர்கள்

அன்று நல்ல மழை, வந்ததே ஏழெட்டுப் பேர், விளக்கு எரிந்ததும் மூன்று பேர் தவிர மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். படி இறங்குவதற்குள் பஷீர் பாயைப் பிடித்தேன். கதவு திறந்ததா? "திறந்து கட்டிப் புடிச்சிருப்பாங்கண்ணே" என்றார். இருப்பாங்களா? துருவிக் கேட்டால், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். டீச்சர், திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாற்காலிக்கடியில் குடையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாரிடம் போனேன். இன்னொரு தடவை போடுங்கள், அந்த ஒரு நிமிடம் மட்டும் போதும் என்றேன். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் கெஞ்சியது அப்போதுதான். ஒரே தடவை திரையிடத்தான் வெளிநாட்டுக்காரர் அனுமதி கொடுத்தாராம், பென்டிரைவிலிருந்து அப்போதே அழித்தாகிவிட்டதாம். சரி, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றேன். மனிதர் சிரித்தார்: "அடியேன் எங்கே படத்தைப் பார்த்தேன்? நீர் வெளியே போறீரான்னு உம்மையே இல்லையா பார்த்துண்டிருந்தேன்!"

எடமலைப்பட்டி புதூர்

மறுநாள் காலை, இருந்த ஆத்திரம் எல்லாவற்றையும் காலில் இறக்கி மதுரை ரோட்டு பஸ் ஏறினேன். செல்வம் வீட்டு வாசலில் நின்றேன். கையைத் தூக்கினேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்கு மேல் எனக்குக் காட்டவில்லை. தூக்கிய கை வலிக்கும்வரை நின்றேன். எதிர்வீட்டில் கோலம் போட்ட அம்மாள் புள்ளியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் தட்டவில்லை. ஜன்னலில் பார்த்துவிட்டு அவனேதான் கதவைத் திறந்தான். பாதியாக இளைத்திருந்தான். வா என்று சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான், வாய்க்கொழுப்பு மட்டும் இளைக்கவில்லை: "பத்திரிகையில பேரு இல்லாம வாசல் தாண்ட மாட்டியாண்ணே? உள்ள வா, இல்ல கிளம்பு. கதவு திறந்து கெடந்தா தெரு நாய் வந்துரும்."

அடுத்த கூட்டத்தில் இதுவரைக்கும் சொல்லிவிட்டு நான் ஒயரைச் சுருட்டப் போக, "அப்புறம், உள்ளே போனீரா இல்லையா?" என்று சௌந்தரராஜன் சார் என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தார், எனக்கு வர வேண்டிய கடைசி ஒரு நிமிடத்தை அவர் முதலில் கொடுக்கட்டும், என்னுடையதை அப்புறம் நான் சொல்கிறேன்.