ஆர்டித்தின் ஐந்து நிமிடம்

"மூச்சு விடலாம். காலை அசைச்சீங்க, தொலைஞ்சீங்க" என்று மிரட்டிவிட்டு, எக்ஸ்ரே எடுக்கும் ஆர்டித் அம்மா சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். முழங்காலில் அடிபட்டு யார் வந்தாலும் சரி, காலை நீட்டி மல்லாக்கப் படுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத்தான் பக்கவாட்டு எக்ஸ்ரே. அதற்குள் மற்ற டெக்னீஷியன்கள் மூன்று பேருக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், அந்தப் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரியில் இதற்காகவே அவருக்கு இரண்டு மெமோ வந்திருக்கிறது. இரண்டும் மடிக்கப்பட்டு, ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டாக இருக்கின்றன.

ஐம்பத்தெட்டு வயது. சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. படம் எடுப்பவர் நோய் என்னவென்று சொல்லக் கூடாது என்பது சட்டம். "சொல்லக் கூடாதுதான். அதுக்காகக் கண்ணை வீட்லயா கழட்டி வச்சிட்டு வர முடியும்?" என்பார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்!

மார்ச் மாதம், பசுக்கள் கன்று போடும் நேரம். பண்ணைக்காரர் வெர்லினை ஒரு பசு முழங்காலின் வெளிப்பக்கத்தில் உதைத்துவிட்டது. நேர்ப்படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்கு வந்து நான்கே மாதமான டாக்டர் பிரெஸ்காட் 'சுளுக்கு' என்று எழுதிவிட்டார்.

"ஒரு கட்டுப் போட்டு விடும்மா, நாப்பது பசு நிக்குது" என்றார் வெர்லின்.

"நிக்கட்டும். நீ படு."

ஐந்து நிமிடம் ஆனது. பக்கவாட்டுப் படத்தில், வீங்கிய மூட்டுக்குள் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரு கோடு. ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்ததில், ஆறிய சூப்பில் மிதப்பது போல, இரத்தத்தின் மேல் கொழுப்பு மிதந்தது. எலும்பு விரிசல் விட்டால்தான் உள்ளிருக்கும் கொழுப்பு மூட்டுக்குள் கசியும். ஆர்டித்துக்குப் புரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் தலை உடைந்திருக்கிறது. இவர் ஊன்றி நடந்தால் அது உள்ளே அமுங்கிவிடும். அப்புறம் அந்த முழங்கால் அவ்வளவுதான். குறிப்பில் 'கால் ஊன்றக் கூடாது' என்று தட்டினார்.

பிரெஸ்காட் அந்தப் படத்தைத் திறக்கக்கூட இல்லை. "அதை எழுத நீங்க யாரு? அழிங்க."

ஆர்டித் அழித்தார். வெர்லின் இறங்கி நடக்கக் காலைக் கீழே தொங்கவிட்டார். ஆர்டித் கறுப்பு மார்க்கரை எடுத்து, மண்டியிட்டு, அந்தக் காலிலேயே பெரிதாக எழுதினார்: 'ஊன்றாதே.'

"என்னம்மா, மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி!"

"மாடு சொன்ன பேச்சைக் கேக்கும்யா. மேல வை காலை!"

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பிரெஸ்காட் முகம் சிவந்து, வேறு வழியின்றிப் படத்தைத் திறந்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார். எலும்புத் தலை பிளந்து, ஒரு துண்டு அமுங்கத் தொடங்கியிருந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை சிம்பு வைத்துக் கட்டினார்கள். எலும்பில் தகடு வைக்க, பில்லிங்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'சுளுக்கு' என்று எழுதிய தன் கையாலேயே 'முறிவு, இடது கால்' என்று பிரெஸ்காட் திருத்தினார்.

ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்ததும் பிரெஸ்காட் தணிந்த குரலில், "ஆர்டித், சிம்புக்கு நடுவுல அந்த எழுத்து தெரியுது. பில்லிங்ஸ்ல பார்த்தா என்ன நினைப்பாங்க? துடைச்சிடுங்க" என்றார்.

ஆர்டித் குனிந்து பார்த்தார். கடைசி எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, அதை மறுபடி அழுத்தி எழுதினார். அடியில் நேரத்தையும் தன் முழுப்பெயரையும் போட்டார்.