சல்லடைக்குக் காவல் நின்ற அக்கா

2009-ஆம் வருடம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரை ஓரக் கிராமம் ஒன்றில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். என் கணவர் பஹ்ரைனில் வெல்டர். "கால் சுளுக்கிடுச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஒருநாள் போனில் சொன்னார். வாரங்கள் ஓடின. எப்போது கூப்பிட்டாலும் அறை நண்பர்தான் முதலில் எடுத்தார். பஸ் சத்தம், பட்டறைச் சத்தம் எதுவும் பின்னால் கேட்காது. எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வேறு பெண் யாராவது இருக்குமோ என்றுகூடப் புத்தி போனது, மறைப்பானேன்? அவரைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வீட்டில் கேமராவோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட்தான் இல்லை. தென்னந்தோப்பைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதி. அதன் மேனேஜருடைய மகள் என்னிடம் டியூஷன் படித்ததால், அவர் தங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். செங்கல்பட்டுக்குப் போய், பென் டிரைவ் மாதிரி இருக்கும் யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி வந்து செருகினேன்.

அங்கே ஆரம்பித்தது பாடு. கனெக்‌ஷன் வரும், அவர் முகம் வரும், "சாப்டியா?" என்பார், போய்விடும். அதன் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். பின்பக்கம் செருகியதை முன்பக்கம் மாற்றினேன். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று அவர்மேலும் சந்தேகம். சண்டை போட்டு வேறொன்று வாங்கி வந்தேன். அதுவும் அதே லட்சணம்தான். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார்.

"டீச்சர், இங்க தங்குன வெள்ளக்காரரு ஒருத்தரு அடாப்டர நீட்டு ஒயர்ல மாட்டி, மாவு சல்லட நடுவுல வச்சு, டிஷ் ஆன்டெனா மாதிரி எங்க பக்கம் திருப்பிக்குவாரு. சிக்னல் அள்ளும். அடாப்டர்ல பச்ச லைட்டு எரிஞ்சிகினு இருந்தா உங்க பக்கம் கோளாறு இல்லன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. காலையிலேயே ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, எவர்சில்வர் சல்லடையை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டினேன். மதியம் வரை சிக்னல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. கணவரைக் கூப்பிடப் போகும் நேரம் பார்த்து, கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அக்கா படியேறி வந்தார்.

"இன்னாம்மா இது? சல்லடைய அணுமின் நிலையத்துப் பக்கம் திருப்பி வச்சிகினு கீற? ஊரே பேசுது. யாருக்குச் சேதி அனுப்புற நீ?"

கடல் வழியாகத் தீவிரவாதி எவனாவது வந்து இறங்கிவிடுவானோ என்று கரையோரம் முழுக்கப் பயந்துகிடந்த சமயம் அது. நானோ பிழைக்க வந்த வெளியூர்க்காரி. தெற்கே விடுதி, அதற்கும் தெற்கே அணுமின் நிலையம் இருந்தால் நான் என்ன செய்ய? புருஷனைப் பார்க்கத்தான் அக்கா என்று கெஞ்சினேன். அவர் நம்புவதாக இல்லை.

"நீ உள்ள போய்ப் பேசு. இந்த லைட்டு இன்னா பண்ணுதுன்னு நான் இங்கயே நின்னு பாக்கறேன்" என்று சல்லடைக்குக் காவல் நின்றுவிட்டார்.

முகம் தெளிவாக வந்தது. ரொம்ப இளைத்திருந்தார். "ஒரு தடவ எழுந்து நில்லுங்க, முழுசாப் பாத்துக்கறேன்" என்றேன். உடனே திரை கறுத்தது.

"அக்கா, லைட்டு போயிடுச்சா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"இல்லியே! நல்லா எரிஞ்சிகினு கீது."

 என் பக்கம் கோளாறு இல்லை. எழுந்து நிற்கச் சொன்னதும் அவரேதான் அறுத்திருக்கிறார். இதுவரை அறுந்ததில் எத்தனை சிக்னல் கோளாறு, எத்தனை அவர் கைவேலை என்று யாருக்குத் தெரியும்? மறுபடி கூப்பிட்டேன். எடுத்தார்.

"நீங்கதான் கட் பண்றீங்க, தெரிஞ்சுபோச்சு. எழுந்து நில்லுங்க."

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "இன்னா நைனா, பொண்டாட்டி கேக்குதில்ல? எந்திரி!"

அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. மெதுவாகக் கேமராவைக் கீழே சாய்த்தார். வலது காலில் முழங்காலோடு கட்டுப் போட்டிருந்தது. அதற்குக் கீழே கால் இல்லை. வேலையிடத்தில் இரும்புத் தூண் விழுந்து நசுங்கியதாம். சுளுக்கு என்று எனக்குப் போன் செய்ததே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதானாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு இருவரும் அழுதோம். காற்றில் சல்லடை ஆடி, படம் விட்டுவிட்டு வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆடாம புடிச்சிகினு கீறேம்மா, நீ பேசு" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சில மாதங்களில் அவர் ஊர் திரும்பினார். இப்போது செயற்கைக் காலோடு செங்கல்பட்டில் சொந்தமாக கிரில் பட்டறை நடத்துகிறார். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல" என்று அந்த வெள்ளிக்கிழமையே காரணம் சொன்னார். கூட உட்கார்ந்து அழக்கூட லாயக்கில்லாதவளா நான் என்று கேட்டேன்.  இப்போதெல்லாம் லேசாக உடம்பு சுட்டால்கூட முதல் ஆளாக என்னிடம் வந்து சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் அதுவே எனக்குப் பதிலாக இருக்கிறது.