சுவரைத் தொட்டால்தான் அடுத்த ஆள்

அல்சூரிலிருந்து நீலசந்திராவுக்கு நடந்துகொண்டிருந்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பஸ்ஸில் ஏற்றவில்லை, மழையில்லாத நாளில் தொப்பலாக நனைந்து வருபவனை எந்த கண்டக்டர் நம்புவான்?

அன்று மதியம் வரை ஒரு கிளப்பின் நீச்சல் தொட்டியில் எனக்கு வேலை இருந்தது. இலை அள்ளுவது, நீந்துகிறவர்களின் உடம்பில் குளிர் தாங்க கிரீஸ் தடவுவது. அதற்கு முன் கல் உடைத்ததைவிடச் சுலபம்.

கிளப் கமிட்டிக்கு ரிலே ரெக்கார்டு ஆசை வந்தது. ஆறு பேர் மாறி மாறி, ராத்திரி பகலாக நீந்த வேண்டும். நீந்தி வருபவர் சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர் குதிக்கலாம். நடுவில் வேறு யாராவது அவரைத் தொட்டால் ரெக்கார்டு போச்சு. மார்கழிக் குளிரில் ஆறு பேருக்கும் உதடு நீலமாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் ஷாமியானாவில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து, கட்லெட் தின்றபடி விடாமுயற்சியைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த மதியம் ஆண்டனி நீந்திக்கொண்டிருந்தார். ஆறு பேரில் ஒருவர், காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நடுத் தொட்டியில் கால் பிடித்துக்கொண்டது. தலை முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது.

"சார், முழுகுறாரு!" என்று கத்தினேன்.

செகரெட்டரி கட்லெட்டைக் கீழே வைக்கவில்லை. "யாரும் தொடாதீங்க! கம் ஆன் ஆண்டனி, சுவத்தைத் தொடு மேன்!"

அடுத்த நீச்சல்காரர் விளிம்பில் குனிந்து தயாராக நின்றார்.

"குதிங்க சார்!"

"அவர் தொடாம நான் குதிச்சா ஃபவுல்ப்பா."

டைம்கீப்பர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணிக்குள்ளதானே இருக்காரு? ரெக்கார்டு இன்னும் ஓடுது."

நான் குதித்தேன். நானே தடவிய கிரீஸ். எங்கே பிடித்தாலும் வழுக்கியது. கடைசியில் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தேன். கரையில் கவிழ்த்து முதுகை அழுத்தியதும் தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்தது.

"சாயந்திரம் மினிஸ்டர் வர்றாரு. அவருக்கு என்னத்தைடா காட்டுறது?" என்றார் செகரெட்டரி.

"ஆண்டனி சாரைக் காட்டுங்க. உசுரோட இருக்காரு."

"கெட் அவுட்!"

ஆண்டனி மெல்லக் கண் திறந்தார். "ரெக்கார்டு என்னாச்சு?" என்றார். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். அவரும் என்னை முறைத்தார்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஆள் விழுந்தால் தூக்குவது யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, கிணற்றில் தூர் வாருகிற கூட்டத்தில் வேலை கேட்டேன். மேஸ்திரியிடம் முதலில் இதைத்தான் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்னய்யா கேள்வி? கயிறு யார் கையில இருக்கோ அவன்தான் இழுக்கணும். உள்ள ஆள் இருக்கான், வந்து புடி."

பிடித்தேன்.