டாக்டர் குழு

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கீழே பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். மேலே நானும் இன்னும் இரண்டு பேரும் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவோம். கீழே சொத்தைக் காயைத் தள்ளிவிடுவார்கள். மேலே அந்தப் பழக்கம் கிடையாது.

முதலாளி எங்கள் தெருக்காரர்தான். சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். விசிட்டிங் கார்டில் 'ஃபவுண்டர்' என்று அடித்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து அண்ணே என்று கூப்பிட்ட என்னிடம் முதல் நாளே, "ஆபீஸ்ல சார்னு சொல்லு. அண்ணேங்கிறதெல்லாம் டீக்கடையோட" என்றார். எழுத்து என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எல்லாமே கன்டென்ட்.

ஒருமுறை ஏலக்காய் பற்றிய கட்டுரைக்கு, மரக்கிளையில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும் படத்தைப் போட்டார். என் அம்மா விடியக்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போய்க் காய் எடுத்தவள். ஏலச்செடி தூரில், தரையோடு சரம் விட்டுத்தான் காய்க்கும், குனிந்தே எடுத்து அவளுக்கு இடுப்பு போய்விட்டது என்றேன்.

"பார்க்கிறவனுக்குத் தெரியவா போகுது?" என்றார். மலைவாழ்வைப் பற்றித் தளம் நடத்தியவர், மெட்டுக்குப் போனது வீடியோ எடுக்க மட்டும்தான்.

அன்றே நான் வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வேறு சோலி கிடைக்காமல் இருந்தேன். அதனால் அவர் கேட்டபடி, ஏலக்காய்த் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று நாலைந்து தளங்களைப் பார்த்து அரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். 'மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்!' என்ற தலைப்பு அவர் வைத்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டாக்டர் குழு' என்று போட்டார். அந்தக் குழு நான்தான்.

சில மாதம் கழித்து ராசிங்காபுரத்திலிருந்து ஒரு அம்மா மாடியேறி வந்தார். கையில் மகளுடைய போன். அதில் என் கட்டுரை.

"ஆத்தா, இதை எழுதுன டாக்டரைப் பார்க்கணும். மக வாசிச்சுக் காட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு மாத்திரைய விட்டுட்டு இந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு. இப்பக் கால்ல புண்ணு வச்சு, தேனி ஆஸ்பத்திரில விரலை எடுத்துட்டாக. இன்னும் எத்தனை நாளு குடிக்கணும்னு கேட்டுச் சொல்லுத்தா."

சண்டைக்கு வரவில்லை அவர். சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

முதலாளி அறையிலிருந்து வந்து, "டாக்டர் வெளியூர் போயிருக்காரும்மா. நாங்க தகவல்தான் தர்றோம், கீழேயே போட்டிருக்கோம்ல" என்று சொல்லி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாதவரிடம் தொட்டுக் காட்டினார். முதலாளியின் கண்ணெதிரிலேயே நான் பேசினேன்.

"டாக்டர் யாரும் இல்லம்மா. எழுதுனது நான். அந்தத் தண்ணிய நிறுத்திட்டு வெரசா மாத்திரைய ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

நான் போய்க் கணினியில் கட்டுரையை அழித்தேன். அந்த இடத்தில், இது பொய், எழுதியவள் மருத்துவர் இல்லை என்று போட்டேன். ஒரு மணி நேரம்கூட அது நிற்கவில்லை. முதலாளி பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, "தங்கச்சி, நல்லா ஓடுற கன்டென்டும்மா அது" என்றார். சார் போய்த் தங்கச்சி வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீடு போய்ச் சேருவதற்குள் கட்டுரை வேறு தலைப்பில் திரும்ப வந்திருந்தது.

இப்போது அவர் கல்லூரிகளில் ஆன்லைன் எழுத்துக்கு வகுப்பு எடுக்கிறார். சால்வை போடுகிறார்கள். வாசகர்களின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்பதும் பாடத்தில் உண்டாம்.

வேலையை விட்ட வாரம் ராசிங்காபுரம் போனேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம், எழுதினது நான்தான் என்றேன். அவர் கோபப்படுவார் என்றுதான் போனேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயாத்தா?" என்றார். "படிச்ச டாக்டரு எழுதுன மாதிரியே இருந்துச்சே."